மறுமலர்ச்சிப் பாடமும் மாணவர் ஆராய்ச்சியும்

(அகளியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வரலாற்றைப் பற்றிப் பேசுதற்கு எனக்குள்ள தகுதி மிகச் சிறிது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். இரயில்வேயில் பார்சல் அலுவலகத்து எழுத்தராகக் காலம் கழிப்பவன். நம் அகளிக்கு இரயில் வருவதில்லை. இரயில்வேக்காரன் மட்டும் விடுமுறை நாட்களில் மலையேறி வருகிறான். அப்படி வந்த ஒரு நாளில் நம் செயலாளர் அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, இவ்வாண்டும் ஏதேனும் பேசவேண்டும் என்று பணித்தார்கள். நான் மறுக்கவில்லை; காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே மேடையில் நின்று, “இந்தியாவில் முதன்முதலாக அச்சேறிய நூல் தமிழ் நூலே!” என்று முழங்கினேன். நீங்களும் மனமுவந்து கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் பாதியை இன்று உங்களிடம் திருப்பித் தரவேண்டிய நிலையில் இருக்கிறேன்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பில் கலைப்பிரிவு படிக்கிறாள். அவளுடைய வரலாற்றுப் பாடத்தில், பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் நிகழ்ந்த பண்பாட்டு மாறுதல்களைக் கூறும் பகுதி ஒன்றுண்டு. மறுமலர்ச்சிக் காலம் என்று நாம் கூறுவது அதனைத்தான். பழைய கிரேக்க, இலத்தீன் ஏடுகளைத் தேடி எடுத்தார்கள், மனிதனை நடுவில் வைத்து உலகைப் பார்த்தார்கள், ஓவியமும் சிற்பமும் செழித்தன, அச்சுப்பொறி பிறந்தது. எங்கள் காலத்தில் இதனை இரண்டு பக்கங்களில் படித்தோம். “மறுமலர்ச்சிக்கான காரணங்கள் யாவை?” என்று கேட்டால், 1453-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் துருக்கியர் வசமாயிற்று என்று தொடங்கி ஐந்து காரணங்களை மூச்சுவிடாமல் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். அந்நகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் விழித்திருப்போம்.

இன்றைய பிள்ளைகளின் வகுப்பறை வேறு. கேரள அரசு 2001-ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2005-இல் விக்டர்ஸ் என்னும் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ், எட்டு முதல் பன்னிரண்டு வகுப்பு வரை மாநிலமெங்கும் 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் அமைந்தன. நம் மலைப்பள்ளிகளுக்கும் அவை வந்தன. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ‘பர்ஸ்ட் பெல்’ என்று தொலைக்காட்சியில் பாடம் தொடங்கியதும், அதனைப் பார்க்கத் தொலைக்காட்சி இல்லாத ஊர்களில் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடியிருந்து படித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கருவிகள் நம்மிடம் இல்லை என்று இனிக் குறைகூற இயலாது. மழைக்காலத்தில் மின்சாரம் இல்லை என்று மட்டும் குறைகூறலாம். அந்த உரிமையை எவரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை.

அப்படிப்பட்ட வகுப்பில் முதல் நாள் நடந்ததை மகள் வந்து சொன்னாள். உரோமாபுரியிலுள்ள சிஸ்டைன் தேவாலயத்தின் மேற்கூரையை, மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை நின்று தீட்டிய அந்த ஓவியக் கூரையை, இணையத்தின் வழியே திரையில் காட்டினார்களாம். நாற்புறமும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஒரு விரலின் நுனி வரை பெரிதாக்கலாம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மணி அடித்தது, அடுத்த பாடத்திற்குப் போய்விட்டார்கள். மறுநாள் ஆசிரியை, “நேற்றுப் பார்த்ததில் உங்களுக்குத் தோன்றிய கேள்வி என்ன?” என்று கேட்டபோது ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. “ரொம்ப அழகாயிருந்தது டீச்சர்” என்று ஒருவன் சொன்னானாம். அந்த ஆசிரியை அன்று புரொஜெக்டரை அணைத்துவிட்டார். கோபத்தினால் அல்ல, அதனை வேறு வகையில் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தினால்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அதில் இரயில்வேக்காரனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஐவர் ஐவராகப் பிள்ளைகளைப் பிரித்தார். ஒவ்வொரு குழுவையும் பள்ளித் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நிறுத்தி, மறுமுனையை நோக்கிப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கி, தாழ்வாரத்தின் தரைவிளிம்பு, சுவர்விளிம்பு, கூரைவிளிம்பு ஆகியவற்றின்மேல் சுண்ணக்கட்டியால் நேர்கோடுகள் இழுக்கச் சொன்னார். எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் சென்று கூடின. குள்ளமான பெண் எடுத்த படத்தில் அந்த இடம் தாழ்ந்திருந்தது. நெடிய பையன் எடுத்ததில் உயர்ந்திருந்தது. அந்த இடம் எப்போதும் படம் எடுத்தவரின் கருவி இருந்த உயரமே என்பதைப் பிள்ளைகள் தாமே அளந்து கண்டுபிடித்தார்கள்.

இதைத்தான் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாரன்ஸ் நகரத்துப் புருனெலெஸ்கி என்பவர் கண்டு காட்டினார். அந்நகரத்து ஞானஸ்நானக் கோவிலை ஒரு சிறு பலகையில் தீட்டி, அப்பலகையில் ஒரு துளையிட்டார். பலகையின் பின்புறமிருந்து அத்துளைவழியே பார்க்கவேண்டும். எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்தால் அதில் தீட்டிய கோவில் தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் உண்மையான கோவில் தெரியும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தனவாம். நம் பிள்ளைகளும் அட்டையில் துளையிட்டு, வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுபோய் அவ்வாறே செய்து பார்த்தார்கள். என் வீட்டுக் கண்ணாடி அன்று போனது இன்னும் திரும்பி வரவில்லை.

அன்று மாலை மகள் இதனை எனக்கு விளக்கியபோது நான் திகைத்தேன். இருபது ஆண்டுகளாக நடைமேடையின் ஓரத்தில் நின்று, இரண்டு தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றாய்க் கூடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவை கூடுமிடம் என் கண்ணின் உயரத்தில் இருக்கிறது என்பதும், நான் குனிந்தால் அதுவும் தாழும் என்பதும் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அடுத்த வேலைநாளில் நடைமேடையில் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். உடன் வேலை செய்பவர், “இடுப்பில் பிடிப்பா?” என்று பரிவோடு விசாரித்தார்.

அடுத்து வந்ததுதான் என்னை அகப்படுத்திய பாடம். லொரென்சோ வல்லா என்றொரு அறிஞர் இத்தாலியில் இருந்தார். உரோமப் பேரரசர் கான்ஸ்டண்டைன், நான்காம் நூற்றாண்டில், தம் பேரரசின் மேற்குப் பகுதி முழுவதையும் போப்பாண்டவருக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார் என்று கூறும் பத்திரம் ஒன்று பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது. அரசர்களும் அதற்கு அஞ்சினார்கள். வல்லா 1440-ஆம் ஆண்டில் அந்தப் பத்திரத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். அதில் உரோம அதிகாரிகளைக் குறிக்க ‘சத்ராப்’ என்னும் சொல் வருகிறது. அது பாரசீக நாட்டுப் பதவிப்பெயர். கான்ஸ்டண்டைன் காலத்து உரோமில் எவரும் அவ்வாறு வழங்கியதில்லை. கான்ஸ்டாண்டிநோபிள் என்னும் நகரமே அமையாத காலத்து நாளிட்ட பத்திரத்தில் அந்நகரத்தின் பெயர் வருகிறது. ஆகவே இது பிற்காலத்தார் புனைந்த பொய்ப்பத்திரம் என்று நிறுவினார். அது எட்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது என்பது இன்று ஆராய்ச்சியாளர் கொள்கை.

தோழர்களே! இதை மகள் சொல்லி முடிக்குமுன் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஏனெனில் இது பார்சல் அலுவலகத்து வேலை! பொருள் வந்து சேரவில்லை, இழப்பீடு வேண்டும் என்று ஒருவர் இரசீதோடு வந்தார். இரசீதில் நாள் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தில் நிலையத்தின் புதிய பெயர் அச்சாகியிருந்தது. நாளோ அப்பெயர் மாறுவதற்கு முந்தையது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்; இன்னும் வரவில்லை. பெரிய அறிஞர் ஒருவர் செய்த வேலையும் நான் செய்த வேலையும் ஒரே இனத்தவை என்று மகளிடம் சற்றுப் பெருமையாகவே கூறினேன். கூறியது தவறாய்ப் போயிற்று. “அப்படியானால் அப்பா, போன ஆண்டு சங்க விழாவில் நீங்கள் சொன்னதற்குச் சான்று என்ன?” என்று கேட்டுவிட்டாள்.

சான்றா? செல்பேசியில் எவரோ அனுப்பியதைப் படித்தேன். அனுப்பியவருக்கு வேறெவரோ அனுப்பினார். பார்சல் ஒன்று இப்படி வந்திருந்தால், அனுப்புநர் பெயர் இல்லை என்று நானே இறக்க மறுத்திருப்பேன்.

அவளும் அவள் குழுவும் அதனையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியை ஒரு விதி வகுத்திருந்தார். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வேண்டும்: செய்தி, சொன்னவர், சான்று. மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே இருக்கலாம். ஆனால் மறைக்கக் கூடாது. பள்ளிக் கணினியில் தேடியபோது ஒரு பக்கம் 1577 என்றது. மற்றொரு பக்கம் 1578 என்றது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை கூட இரண்டிலும் ஒன்றாகவே இருந்ததாம். பிறகு அந்த நூலின் பக்கத்தையே படமாகத் தேடிப்பிடித்துத் திரையில் பெரிதாக்கினார்கள். ஆசிரியை புரொஜெக்டரை அணைத்தது ஏன் என்பது அப்போது எனக்கு விளங்கியது. இதற்காகத்தான் அதனை மீண்டும் ஏற்றினார்.

அவர்கள் கண்டவற்றைச் சொல்கிறேன். போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிக்கஸ், முத்துக்குளித்துறைப் பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்து தமிழ் கற்றவர். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல், பதினாறு பக்கங்களில், தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அச்சிட்ட இடமும் நாளும் அந்த நூலிலேயே உள்ளன: கொல்லம், 1578 அக்டோபர் 20. அதன் படி ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மறு ஆண்டில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூல் கொச்சியில் அச்சாயிற்று. இவ்வளவும் நமக்குப் பெருமைதான். ஆனால் இதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1556-இல், கோவாவில் அச்சுப்பொறி வந்து இறங்கி வேலை தொடங்கிவிட்டது. ஆகவே ‘இந்தியாவில் அச்சான முதல் நூல்’ என்று நான் முழங்கியது பிழை. ‘இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்’ என்பதே சரி. 1554-இலேயே லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்களோடு ஒரு நூல் அச்சாகியிருக்கிறது. ஆனால் அங்கே தமிழை உரோமன் எழுத்தில் கோத்திருந்தார்கள்.

கைதட்டலில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றது இதனால்தான். மீதிப் பாதியை வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மைன்சு நகரில் கூட்டன்பர்க் தம் விவிலியத்தை அச்சிட்டது 1455-ஆம் ஆண்டையொட்டி. அங்கிருந்து நூற்றிருபது சொச்சம் ஆண்டுகளில் அந்தத் தொழில் கடல் கடந்து, இன்று கேரளம் என்று வழங்கும் மண்ணில், நம் எழுத்தை ஈயத்தில் வார்த்தது. மறுமலர்ச்சி என்பது எங்கோ இத்தாலியில் நடந்த கதை என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, அது கொல்லத்துக்கு வந்து தமிழ் பேசிற்று என்று தெரிந்தபோது உண்டான மகிழ்ச்சியை நான் என் வீட்டிலேயே கண்டேன். அந்தத் தலைப்பில் போர்த்துக்கீசியர் நம் மொழியை ‘மலபார்த் தமிழ்’ என்று குறித்திருப்பதைக் கண்டு குழுவிலிருந்த மலையாளப் பையனும் உரிமை கொண்டாடினானாம். கொண்டாடட்டும், நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது.

இவ்விடத்தில் நான் ஒன்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். பாடநூலில் இது இல்லை. பெட்ரார்க் என்னும் கவிஞர் 1345-இல் வெரோனா நகரத்து நூலகத்தில் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தார். போஜியோ என்பவர் மடாலயங்களில் தூசி படிந்து கிடந்த ஏடுகளைத் தேடி அலைந்து 1417-இல் லுக்ரீஷியஸின் நூலைக் கண்டெடுத்தார். இவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நம் உ.வே. சாமிநாதையரை ஏன் சொல்லக்கூடாது? 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்விகள், தாம் அதுவரை படித்தவற்றிற்கு அப்பால் ஒரு தமிழ் இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டின. ஊர் ஊராய், வீடு வீடாய் ஏடு தேடினார். ஓர் ஏட்டில் உள்ள பாடத்தை மற்றோர் ஏட்டோடு ஒப்பிட்டார். 1887-இல் சீவக சிந்தாமணியும், 1894-இல் புறநானூறும், சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து 1904-இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. சேரநாட்டின் ஒரு மலை மூலையில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆசிரியையிடம் இதனைச் சொல்லி அனுப்பினேன். அவர் மலையாளி, “நல்ல செய்தி, சான்றோடு எழுதித் தரச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது. எழுதித் தந்தேன். இந்த வயதில் எனக்கும் வீட்டுப்பாடம்!

இனிச் சொல்லப்போவது சற்றுக் கடினமானது. பொறுமையோடு கேட்கவேண்டும்.

மலையாளத்தில் மறுமலர்ச்சியை ‘நவோத்தானம்’ என்பார்கள். ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கும் அதே சொல்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த சமூகச் சீர்திருத்தத்திற்கும் அதே சொல். 1888-இல் அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியதும், 1893-இல் அய்யன்காளி வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றதும், 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் 23 வரை வைக்கத்தில் நடந்த அறப்போரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வைக்கத்தில் பெரியார் சிறை சென்றதை நாம் அறிவோம். நாராயண குருவுக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் வழிகாட்டிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர் என்பதைச் சிலரே அறிவோம். நம் பாலக்காட்டு அகத்தேத்தறையில், கல்பாத்தியைச் சேர்ந்த டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயர் தம் சாதியாரின் சினத்தைப் பொருட்படுத்தாது சபரி ஆசிரமம் நிறுவி, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாய் வைத்து வளர்த்தார். காந்தியடிகள் அங்கே வந்து தங்கினார். இவையெல்லாம் பிள்ளைகள் தேடிக் கண்டவை. இவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, குழுக்கள் தம் ஆராய்ச்சியை வகுப்பின்முன் படித்த நாளில், இருளர் குடியைச் சேர்ந்த ஒரு பெண் எழுந்து ஆசிரியையிடம் கேட்டாளாம்: “இதெல்லாம் வெளியூரில் நடந்தது. நம்ம ஊருக்கு நவோத்தானம் எப்ப வந்தது, டீச்சர்?”

அந்தக் கேள்விக்கு எந்த இணையப் பக்கத்திலும் விடை இருக்கவில்லை. ஆசிரியையும் தாம் விடை சொல்ல முயலவில்லை. “உன் ஊர் மூப்பனிடம் கேட்டு வா” என்றார். என் மகள் உள்ளிட்ட ஐவர் அந்தப் பெண்ணோடு சென்றார்கள். செல்பேசியில் ஒலிப்பதிவு செய்தார்கள். முதலில் அனுமதி கேட்டார்கள். பதிவு செய்ததை அவருக்கே போட்டுக் காட்டிவிட்டுத்தான் எழுத்தில் இறக்கினார்கள். மூப்பன் இருளமொழியில் பேசினார். நம் தமிழுக்கு மிக நெருங்கிய மொழி அது. ஆயினும் பல இடங்களில் அந்தப் பெண்தான் பொருள் சொன்னாள். 2020-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் அம்மொழியில் பாடி, 2022-இல் தேசிய விருது அறிவிக்கப்பெற்ற நஞ்சியம்மாவின் குரல் நாடு முழுதும் கேட்டது. ஆனால் மூப்பன் சொன்னது பாட்டு அல்ல. ஊருக்கு மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன் என்று நால்வர் உண்டு. மண்ணுக்காரன் மண்ணைப் பார்த்துச் சொன்ன பிறகே விதைப்பு. ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைந்த காடு. பிறகு கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புகையிலைக்கும் துணிக்கும் கைம்மாற்றுக் கடனுக்கும் நிலம் கைமாறிற்று. எழுதிய தாளில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரிந்தவர் அன்று ஊரில் இல்லை. இவ்வளவையும் அவர் கோபமில்லாமல் சொன்னாராம். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பிள்ளைகள் மேலும் தேடினார்கள். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011-இல் பாதிக்கும் குறைவு. இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975-இல் கேரளத்தில் சட்டம் இயற்றினார்கள். அதற்குரிய விதிகள் 1986-இல்தான் வந்தன. இந்த எண்களும் ஆண்டுகளும் குறிப்பேட்டில் சான்றோடு உள்ளன.

நம் சங்கத்தில் நாம் அடிக்கடி பேசுவது, வேற்று மாநிலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை, பாடம் மலையாளத்திலேயே ஓடுகிறது என்னும் குறைகளையே. அவை உண்மைக் குறைகள். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மூப்பன் சொன்ன கதையில் ‘கீழ்நாட்டு ஆட்கள்’ என்பவர்களில் மலையாளிகளும் உண்டு, தமிழர்களும் உண்டு. என் பாட்டனார் கோவைப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியோடு இந்த மலைக்கு வந்தவர். “ஆளில்லாக் காடு, நாங்கள்தான் திருத்தினோம்” என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். நான் அதனைச் சொல்லியே வளர்ந்தேன்; மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். தாழ்வாரத்துப் படத்தில் கோடுகள் கூடுமிடம் படம் எடுப்பவர் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது என்று அவள் விளக்கியபோது, அந்தப் பாடம் இவ்வளவு தொலைவு நடந்து எங்கள் திண்ணைக்கே வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் இரவு அந்தக் குழுவினர் எங்கள் வீட்டில் கூடினார்கள். அந்த இருளப்பெண்ணும் வந்திருந்தாள். என் மனைவி எல்லோருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என்னிடம் முறைப்படி கேள்வி கேட்டார்கள். பாட்டனார் வந்த ஆண்டு எது? நிலம் யாரிடமிருந்து வாங்கியது? பத்திரம் உண்டா? நான் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். தந்தையார் காலத்துப் பத்திரமும் வரி இரசீதுகளும் இருந்தன. பாட்டனார் காலத்துத் தாள் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ பேருடைய இரசீதை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்தவன் நான். அன்று என் பெட்டியை ஐந்து பிள்ளைகள் அவ்வாறு பார்த்தார்கள். சினம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். “படிக்க அனுப்பினால் வீட்டையே விசாரிக்கிறீர்களா?” என்று நாக்கின் நுனிவரை வந்தது. அந்தப் பெண் தோசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

இன்று பல பெற்றோர்கள், “ஆராய்ச்சி, செயல்திட்டம் என்று பிள்ளைகளை அலைக்கழிக்கிறார்கள், படத்தைப் போட்டுக்காட்டிக் குறிப்பு எழுதிக்கொடுத்தால் போதாதா?” என்று கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். போதும், தேர்வுக்குப் போதும். படத்தைக் காட்டுவதற்கு நல்ல கருவி இருந்தால் போதும். ஆனால் அது மறுமலர்ச்சியின் படத்தைக் காட்டுமேயன்றி அந்தப் பாடத்தைக் காட்டாது. வல்லாவுக்கு எந்தக் கருவியும் இல்லை. ‘யார் சொன்னது, எப்போது சொன்னது’ என்னும் கேள்வி மட்டும் இருந்தது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அவர்கள் அதனைப் போப்பாண்டவரின் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். நம்மையும் கேட்பார்கள். இதற்குச் சம்மதமானால் மட்டும் நாம் அந்த ஆசிரியையைப் பாராட்டலாம்.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அந்தக் குழு தன் வேலையை இன்னும் முடிக்கவில்லை. அகளி, சோலையூர், புதூர் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும் பழைய குடும்பங்களைக் கண்டு பேசப்போகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். பெட்டிகளைத் திறந்து காட்டுங்கள். தாள்களைப் படம் எடுக்க விடுங்கள். எடுத்த படங்களைச் சேர்த்துவைக்க நம் சங்க நூலகத்துக் கணினியை வாரம் ஒருநாள் கொடுக்கலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் மூப்பன்களின் ஒலிப்பதிவுகளும் அங்கேயே இருக்கட்டும். ஆனால் அவற்றை யார் கேட்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையதாகவே இருக்கவேண்டும் என்பது பிள்ளைகளின் நிபந்தனை. எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

அன்றிரவு தோசை முடிந்தபின் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்கள். செய்தி என்னும் பத்தியில், ‘நிலம் ஆளில்லாக் காடாக இருந்தது’ என்று எழுதியிருந்தது. சொன்னவர் என்னும் பத்தியில் என் பெயர் இருந்தது. சான்று என்னும் பத்தியில், என் மகளின் கையெழுத்தில், ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தது. அடியில் கையொப்பம் இடச் சொன்னார்கள். அலுவலகப் பழக்கம் போகவில்லை. நாளும் நேரமும் குறித்து ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.